மாமி விசாரித்த கார்

மாமி எதையும் நேராகக் கேட்டு நான் அறியேன். கத்தரிக்காய் விற்கிறவரிடம் "புதுக் காயோ?" என்று ஊர் முழுக்கக் கேட்கும். மாமி கேட்கமாட்டார். "இண்டைக்குக் காலமை எத்தினை மணிக்கு எழும்பினனீ?" என்பார். அந்த மனிதரும் ஒன்றும் யோசிக்காமல், "ஏழு மணியாப் போச்சு அக்கா, ராத்திரி காய்ச்சல் குணம்" என்று சொல்லிவிடுவார். "அப்ப உது நேத்தையான் காய்" என்றுவிட்டு மாமி அடுத்த கடைக்குப் போய்விடுவார். டொக்டர் குளிசை எழுதிக் கொடுத்தால், "உங்கடை வீட்டிலை ஆருக்கும் உதைக் குடுத்தனீங்களோ?" என்று கேட்பார். டொக்டர் ஒருகணம் தயங்கினாலும் போதும், அந்தக் குளிசை வீட்டுக்கு வரும், மாமியின் வயிற்றுக்குள் போகாது.

அவர் என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி இருந்தார். பிள்ளைகள் இல்லை. கணவர் நான் பிறப்பதற்கு முன்னமே இறந்துவிட்டார். தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, குத்தகைக்காரர் என்ன நடுகிறார் என்பதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நாள் முழுக்கக் கண்காணிப்பதுதான் அவருடைய தோட்டம். "உவவுக்குத் தன்ரை நிழலிலையும் சந்தேகம்" என்று அம்மா சொல்லுவார். ஆனால் ஊரில் யாருடைய வீட்டிலும் கலியாணப் பேச்சு வந்தால் முதலில் தேடிப் போவது மாமியைத்தான். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க அவரைப் போல ஒருவர் கிடையாது.

எங்கள் பக்கத்தில் விசாரிப்பு என்பது ஒரு வேடிக்கை. மாப்பிள்ளையின் ஊருக்குப் போய் அயலட்டையில் கேட்பார்கள். கேட்டால் எல்லோரும் ஒரே பாட்டுத்தான்: "தங்கமான பெடியன்." ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் என்கிறார்களே, அந்த ஆயிரத்தில் ஒன்றைக் குறைத்து ஒரு கலியாணத்தைக் குழப்பின பாவம் நமக்கு எதற்கு என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். மாமி இந்தப் பாட்டுக்கெல்லாம் உரை வைத்திருந்தார். "கலகலப்பான பெடியன் எண்டால் தண்ணி. அமைதியான பெடியன் எண்டால் தாயைக் கேக்காமல் மூக்கும் சிந்தமாட்டான். குறை சொல்ல ஏலாது எண்டால் குறை ஊருக்கே தெரியும். தங்கமான பெடியன் எண்டால், எடியே, எழும்பி ஓடிவா!"

நான் சிரிப்பேன். அப்போது எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கவில்லை.

தொடங்கியது நாட்டிலேயே பெற்றோல் இல்லாத அந்தக் காலத்தில். அப்பா மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் வரிசையில் போட்டுவிட்டு, அடுத்த நாள் பின்னேரம் கறுத்துப்போய் உருட்டிக்கொண்டே திரும்பி வருவார். நான் மானிப்பாயில் மருந்துக்கடையில் வேலை. சைக்கிளில் போய் வருவேன். ஊரே சைக்கிளுக்கு இறங்கிவிட்டிருந்த அந்த நேரத்தில், நெல்லியடியில் இருந்து ஒரு பெடியன் என்னைப் பார்க்க மின்சாரக் காரில் வந்தார். சும்மா மின்சாரக் கார் இல்லை. பெரிய ஐரோப்பியக் கார், கறுப்பு, கைப்பிடிகூடக் கதவுக்குள் மறைந்து கிடக்கும். சத்தமே இல்லாமல் எங்கள் ஒடுங்கின ஒழுங்கைக்குள் வந்து நின்றது. அயலில் உள்ள சனம் எல்லாம் வேலிக்கு வந்துவிட்டது, மாப்பிள்ளையைப் பார்க்க இல்லை.

அவர் கட்டடப் பொறியியலாளர். கொழும்பில் ஒருவர் நாட்டை விட்டுப் போகிற அவசரத்தில் விற்ற காராம். அப்பா அவரிடம் தாய் தகப்பனைப் பற்றிக் கேட்டாரோ, சம்பளத்தைப் பற்றிக் கேட்டாரோ? இல்லை. காரைப் பற்றித்தான் கேட்டார்.

"உதிலை பிழை கிழை வாறேல்லையோ தம்பி? எல்லாம் கொம்பியூட்டர் எண்டு சொல்லுகினம்."

"ஒரு பிழையும் இல்லை அங்கிள். போன் மாதிரித்தான். தானாய் அப்டேற் ஆகும், தானாய்த் திருத்தும். வாங்கின நாளிலை இருந்து ஒரு கரைச்சலும் தரேல்லை."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அம்மா பதற்றத்தில் தேத்தண்ணிக்குச் சீனி இரண்டு தரம் போட்டிருந்தார். அந்தப் பாகைக் கடைசிச் சொட்டு வரைக்கும் முகம் சுளிக்காமல் குடித்தவர் அவர். எனக்குப் பிடித்துவிட்டது. மறைப்பானேன்.

மாமி மூலையில் கதிரை போட்டு இருந்தவர் வெளியே எட்டிப் பார்த்தார்.

"மழை இருட்டிக்கொண்டு வருது. உம்மடை காரின்ரை யன்னல் ஒரு சாண் திறந்து கிடக்கு தம்பி."

"காத்து வரட்டும் எண்டு விட்டனான் அன்ரி."

"உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை. ஆருக்குக் காத்து?"

அவர் சிரித்தார். ஆனால் எழும்பிப் போய் யன்னலை மூடவில்லை. அவர் போன கையோடு மழை கொட்டியது. அம்மாவும் அப்பாவும் நாள் பார்க்கிற கதையில் இருந்தார்கள். மாமி மட்டும், "நனையட்டும் எண்டு ஏன் விட்டவன்? அவ்வளவு காசு குடுத்து வாங்கின காரை?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு குடையை விரித்தார்.

அடுத்த நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, மாப்பிள்ளையைப் பற்றி நான் விசாரிக்கப் போறேல்லை."

"ஏன் மாமி?"

"விசாரிச்சால் ஊர் வாயைப் பூட்டும். காரைப் பற்றிக் கேப்பம். காரைக் குறை சொல்லுறதிலை ஒருத்தருக்கும் பாவம் இல்லை. அதோடை, வாய்க்குக் கிடைச்சால் விடுவினமோ?"

அப்படி ஒரு யோசனை வேறு யாருக்கு வரும்? கனடாவில் இருக்கிற தன் தமையன் மகன் ஊருக்கு வந்து இருக்கப் போகிறான், அவனுக்கு இப்படி ஒரு கார் வேணும் என்று ஒரு கதையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அந்தக் கதையில் தமையன் என் அப்பா. மகன்தான் அப்பாவுக்கு இல்லை.

முதலில் யாழ்ப்பாணம் டவுனில் அதே மாதிரிக் கார் வைத்திருந்த ஒரு கண் டொக்டரிடம் போனார். டொக்டர், "அருமையான கார். யோசிக்காமல் வாங்கலாம்" என்றாராம். தேத்தண்ணி கொண்டுவந்த டொக்டரின் மனைவியிடம் மாமி, "நீங்கள் போன கிழமை கோயிலுக்கு எதிலை போனனீங்கள்?" என்று கேட்டிருக்கிறார். "ஓட்டோவிலை" என்று அந்த அம்மா சொல்ல, டொக்டர் பத்திரிகையை விரித்துக்கொண்டாராம். அடுத்தது ஒரு கலியாண மண்டபக்காரர். அவர் காரைப் புகழ்ந்த புகழ் தேவாரத்தில்கூட இல்லை. ஓடினால் தெரியாது, நின்றால் தெரியாது, ஒரு சாமிப்பிள்ளை. "அப்பிடியோ, நல்லது" என்று மாமி எழும்ப, அவர் படலை வாசல் வரைக்கும் பின்னால் வந்து குரலைத் தாழ்த்தி, "அக்கா, வெளியிலை பாக்காதேங்கோ, என்ரையைத் தாறன்" என்றாராம்.

"பாத்தியோ?" என்றார் மாமி என்னிடம். "கரைசேராத குமர்ப்பிள்ளை வைச்சிருக்கிறவையும், உந்தக் கார் வைச்சிருக்கிறவையும் ஒண்டு. குறை சொன்னால் பிறகு ஆர் வாங்குவினம்?"

கடைசியாக நெல்லியடி. மாப்பிள்ளையின் ஒழுங்கையிலேயே கேட்டிருக்கிறார். பெடியனைப் பற்றிக் கேட்டால் "தங்கம்" என்று வாயை மூடியிருக்கக்கூடிய சனம், காரைப் பற்றிக் கேட்டதும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டது. சந்தைக்கு முன்னால் நடுறோட்டில் செத்துப்போய் நின்றதாம். தள்ளலாம் என்று நாலு பேர் போனால் சில்லுப் பூட்டிக்கொண்டு அசையவில்லையாம். கோயில் வாசலில் ஹோண் தானாக அடித்து, ஐயர் தீபத்தோடு திரும்பிப் பார்த்தாராம். திறப்பை உள்ளே வைத்துக்கொண்டு கதவு தானாகப் பூட்டிக்கொள்ளுமாம், அதனால்தான் எங்கே நிறுத்தினாலும் யன்னலை ஒரு சாண் விடுகிறவராம்.

மாமி எங்கள் குசினிக்குள் வந்து இதையெல்லாம் சொல்லி முடிக்க, அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, "அதுக்கென்ன மச்சாள்? கார் பிழை விட்டால் பெடியன் பிழையோ?" என்றார்.

"கார் பிழை விடும். இரும்பும் வயரும்தானே, விடத்தான் செய்யும். ஒரு பிழையும் இல்லை எண்டு அண்ணையின்ரை முகத்தைப் பாத்துச் சொன்னது காரோ?"

அம்மா திரும்பி அடுப்பைக் கூட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு மனிதன் பெண் பார்க்க வந்த இடத்தில், என் கார் நடுறோட்டில் சாகும் என்று சொல்லிக்கொண்டா இருப்பான்? ஆனால் கோபத்துக்குக் கீழே ஒரு முள் ஏறிவிட்டது. அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பை நினைக்கும்போதெல்லாம், அது எந்தச் சிரிப்பு என்று யோசிக்கத் தொடங்கினேன்.

இதற்கிடையில் மாமி கட்டின கதை தனக்குக் கால் முளைத்து நடந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லையே. காரைப் பற்றி யாரோ விசாரித்தார்கள் என்பது, கார் விலைக்கு வந்திருக்கிறது என்று ஆகி, பெடியன் கடனில் விழுந்துவிட்டான் என்று ஆகி, அவருடைய தாயின் காதுக்குப் போனது. தாய் அழுதிருக்கிறார். விசாரித்தது சண்டிலிப்பாய்ப் பக்கத்து மனுசி, குடை வைத்திருந்தவ என்று அடையாளமும் போயிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கறுப்புக் கார் மாமியின் வாசலில் வந்து நின்றது. நான் மாமியின் வேலியடியில் நின்றேன்.

"அன்ரி, காரைப் பற்றி விசாரிச்சியளாம். ஏறிப் பாருங்கோவன்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

மாமி அசரவில்லை. "நில்லும் தம்பி, சீலை மாத்திக்கொண்டு வாறன். கீரிமலைக்குப் போவம்" என்றார்.

காலை போனவர்கள் மத்தியானம் கழிந்தும் வந்து சேரவில்லை. அம்மா சோற்றை வடித்துவிட்டு வாசலுக்கும் குசினிக்குமாக நடந்தார். வெயில் தாழ்ந்த பிறகு கார் வந்தது. மாமி இறங்கினார். சீலை வியர்வையில் ஊறி முதுகோடு ஒட்டியிருந்தது. நேராக எங்கள் வீட்டுக்கு வந்து செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"என்ன மச்சாள், எப்பிடி?" என்றார் அம்மா.

"தங்கமான பெடியன். செய்யுங்கோ."

"கார்?"

"நல்ல கார்."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். நான் அப்படியே நின்றேன். எழும்பி ஓடிவா என்று எந்தச் சொல்லுக்கு உரை சொன்னாரோ, அந்தச் சொல் மாமியின் வாயில் இருந்து வருகிறது. எந்தப் பொருளையும் நல்லது என்று சொல்லி அறியாத வாய்!

பின்னால் போய் மடக்கினேன். "மாமி, காருக்குள்ளை என்ன நடந்தது?"

"நடக்க என்ன இருக்கு? கீரிமலையிலை நல்ல காத்து" என்றுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை இன்னொருவருக்கு நீட்டி முதலாளியிடம் ஏச்சு வாங்கினேன். கடைசியில் அம்மாவிடம் சொன்னேன், மாமி எதையோ மறைக்கிறார் என்று. அம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

"பழி வாங்கிறாவோ தெரியாது" என்றார்.

"என்ன பழி?"

அப்போதுதான் கதை வெளியே வந்தது. அம்மா புதுப் பெண்ணாக இந்த வீட்டுக்கு வந்த புதிதில், மாமிக்குப் பேசின மாப்பிள்ளை அம்மாவின் ஊர்ப் பெடியன், அம்மாவின் பக்கத்து வீடு. "உங்கடை ஊர்ப் பெடியன்தானே, எப்பிடி?" என்று மாமியின் தகப்பன் அம்மாவைத்தான் கேட்டிருக்கிறார். அந்தப் பெடியனுக்குச் சின்ன வயதில் இருந்தே வலிப்பு. அம்மாவுக்குத் தெரியும், அந்த ஒழுங்கைக்கே தெரியும். புதிதாக வந்த மருமகள் வாயைத் திறப்பாளா? "தங்கமான பெடியன்" என்று சொல்லிவிட்டார்.

"அது பொய் இல்லையடி. மனிசன் தங்கம்தான். அவவை ஒருநாள் கை நீட்டினதில்லை, கடிஞ்சு ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் தோட்டக் கிணத்தடியிலை தனிய நிக்கேக்கை வலிப்பு வந்து, கிணத்துக்குள்ளை..." அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அண்டையிலை இருந்து அவ என்னை ஒரு சொல் ஏசினதில்லை. அதுதான் எனக்குப் பயம்."

நான் என்ன செய்வேன்? கலியாணமே வேண்டாம் என்று சொன்னால் நல்ல மனிதர் ஒருவர் போய்விடுவார். ஓம் என்று சொன்னால் மாமி எந்தக் கிணற்றுக்குள் என்னை இறக்குகிறாரோ தெரியாது. சாதகக்காரர் நாள் குறித்துவிட்டார் என்று அப்பா வேறு சந்தோசமாக வந்து நிற்கிறார். இரவெல்லாம் புரண்டுவிட்டு, விடிந்ததும் கடைக்குப் போகிற வழியில் சைக்கிளை மதகடியில் நிறுத்தி அவருக்குப் போன் எடுத்தேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அண்டைக்கு மாமியோடை போகேக்கை காருக்குள்ளை என்ன நடந்தது?"

ஒரு நொடி அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பிறகு சொல்லத் தொடங்கினார்.

கீரிமலையில் இருந்து திரும்பும்போது மாமிதான், "கண்ணாடியை மூடும் தம்பி, தூசு" என்று சொன்னாராம். அவர் ஒரு சாண் விட்டு மூட, "முழுக்க மூடும்" என்றாராம். மூடிக் கொஞ்சத் தூரம் வர, முன்னால் இருந்த பெரிய திரை இருண்டுவிட்டது. கார் ஓரத்தில் நின்றது. குளிரூட்டி நின்றது. யன்னல் இறங்கவில்லை, கதவு திறக்கவில்லை. இரண்டு பக்கமும் வெறும் பனங்காணி, உச்சி வெயில்.

"கையாலை திறக்கிற வழி ஒண்டு இருக்கு எண்டு தெரியும். ஆனால் எங்கை எண்டு பாக்கிற புத்தகம் அந்த ஸ்கிரீனுக்குள்ளைதான் இருக்கு" என்றார். சிரிக்க முயன்றார், முடியவில்லை. "நான் எல்லாப் பட்டனையும் அமத்திப் பாத்தன். அன்ரி முந்தானையாலை விசிறிக்கொண்டு இருந்தவ. 'இது முதல் தரமோ தம்பி?' எண்டு கேட்டவ. நான் எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். விற்றவன் ஒரு பிழையும் இல்லை எண்டு சத்தியம் பண்ணினவன். கொழும்பு ஏஜென்சியிலை, இது நாங்கள் இறக்கின கார் இல்லை, இதின்ரை சொப்ட்வெயரை நாங்கள் தொடமாட்டம் எண்டு சொல்லிப்போட்டினம். ஆரிட்டைச் சொல்லுறது? சொன்னால் ஏமாந்தவன் எண்டு சிரிப்பினம். அதாலை ஆர் கேட்டாலும் நல்ல கார் எண்டு சொல்லிச் சொல்லி..."

"பிறகு?"

"அது தானாய் உயிர் வந்துது. வீட்டுக்கு வாற வழியிலை அன்ரி ஒண்டு மட்டும் சொன்னவ. 'நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். அது என்ரை வேலை இல்லை' எண்டு."

"நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் இருந்தனான். எப்பிடித் தொடங்கிறதெண்டு தெரியேல்லை." பிறகு, "காரைத் தவிர உங்களிட்டை வேறை ஒண்டையும் மறைக்கேல்லை" என்றார்.

சொல்லத்தான் இருந்தாராம்! உலகத்தில் எல்லோரும் சொல்லத்தான் இருக்கிறார்கள். ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மதகடியில் நின்று அழுதேன். வேலைக்குப் போகாமல் சைக்கிளைத் திருப்பினேன்.

மாமி முற்றத்தில் பாயில் மிளகாய் பரப்பிக்கொண்டு இருந்தார். பூஞ்சணம் பிடித்த காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க, "மாமி, அவர் எல்லாம் சொல்லிப்போட்டார்" என்றேன்.

மாமி நிமிரவில்லை. "நீ கேக்க முதலோ, கேட்ட பிறகோ?"

அந்த மனிசியின் வாய்! பொய் சொல்லிவிடலாம் என்று நாக்கு வரைக்கும் வந்தது. கேட்க முதலே சொன்னார் என்று சொன்னால் அவர் கரையேறிவிடுவார், நானும் கரையேறிவிடுவேன். ஆனால் அந்த முற்றத்தில் நின்று மாமிக்குப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கேட்ட பிறகு" என்றேன்.

கலியாணம் குழம்பிவிட்டது என்று நினைத்தேன். மாமியின் கை மிளகாய் மேலேயே நின்றது.

"என்னெண்டு கேட்டனீ?"

"நேராத்தான். காருக்குள்ளை என்ன நடந்தது எண்டு."

"உடனை சொன்னவரோ?"

"ஓம். கொஞ்சம் நிண்டுபோட்டுச் சொன்னவர்."

மாமி பாயின் ஓரத்தில் அப்படியே இருந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை.

"முதல் தரம் என்ரை மனிசனுக்கு வலிப்பு வந்தது கலியாணம் முடிஞ்சு மூண்டாம் நாள். நான் பயந்து குளறினன். மாமியார் வந்து, வெயிலிலை நிண்ட மயக்கம் எண்டவ. அவரும் விடிய எழும்பி வெயில் எண்டவர். அதுக்குப் பிறகு நான் ஊரெல்லாம் கேட்டன். மருந்து குடுத்த பரியாரியைக் கேட்டன், அவரின்ரை ஊர் வண்ணானைக் கேட்டன், ஐயரைக் கேட்டன். எல்லாம் சுத்திச் சுத்தித்தான் கேட்டன். கொம்மாவையும் கேட்டிருக்கிறன், அவவுக்கே தெரியாமல். எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. அவருக்குப் பக்கத்திலை படுத்து எழும்பிக்கொண்டு, அவரிட்டை மட்டும் கேக்கேல்லை."

"ஏன் மாமி?"

"அவராச் சொல்லட்டும் எண்டு இருந்தன். அவர் சொல்லியிருந்தால், தனியக் கிணத்தடிக்கு விட்டிருப்பனோ?"

குரல் உடையவில்லை. கை மட்டும் முந்தானையைத் தேடியது. பக்கத்தில் போய்க் குந்தினேன். தோளில் கை வைக்கலாமா என்றுகூடத் தெரியவில்லை. ஒருவரும் மாமியைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"நீ கேட்டிட்டாய். போ, போய்க் கொப்பரிட்டைச் சொல்லு, குறிச்ச நாளிலை செய்யட்டும்" என்றார்.

நான் எழும்பிச் சைக்கிளடிக்குப் போய்விட்டேன். பின்னால் இருந்து கூப்பிட்டார்.

"பிள்ளை."

திரும்பினேன். மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"நான் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார், என்ன?"

நான் அந்த மனிதரைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

"ஓம் மாமி" என்றேன். "சொல்லியிருப்பார்."